கர்ண மோட்சம், மூன்றாவது கேசட்

முதல் நாள்: காட்பாடி, வேலூர்

காலை ஒன்பது மணிக்குக் காட்பாடியில் இறங்கினால் வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வைகாசியில் வேண்டுமென்றே யாராவது வேலூருக்கு வருவார்களா என்கிற மாதிரி ஆட்டோக்காரர் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கா சார்?" இல்லை. "கோல்டன் டெம்பிளா?" அதுவும் இல்லை. கூத்து பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். "எந்தத் தியேட்டர்ல?" என்றார். கேலியாகத் தெரியவில்லை, உண்மையாகவே கேட்டார்.

காந்தி ரோடு பக்கம் லாட்ஜ். இந்தத் தெருக்களில் நடந்தால் வேலூரா கல்கத்தாவா என்று சந்தேகம் வந்துவிடும். பாதி போர்டுகள் வங்காளியில். தோசைக்கல் வாசனைக்கு நடுவே கடுகெண்ணெய் நெடி. ஐடா ஸ்கடர் 1900ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயில் ரயிலாக ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு மீன் குழம்பு வேண்டாமா?

பக்கத்து அறையில் ஒரு வங்காளப் பெரியவர். மனைவிக்கு வைத்தியம், வந்து மூன்று வாரமாகிறதாம். சாயங்காலம் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தனக்குள் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு வங்காளி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை இந்தியில் பேச்சு ஓடியது. மாமா வீட்டில் பழைய கிராமபோன் பிளேட்டுகள் கிடக்கின்றன, நாளைக்குப் பார்க்கப் போகிறேன் என்றேன். "எங்க ஊர் சரக்கு" என்று சிரித்தார். அவர் டம் டம் பக்கத்துக்காரர்.

அது வெறும் ஊர்ப்பெருமை இல்லை. 1902ல் கல்கத்தா ஓட்டல் அறை ஒன்றில் பாடகி கௌஹர் ஜான் ஒரு கூம்புக்குள் தலையை நீட்டிப் பாடினார். பாட்டு முடிந்ததும் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று உரக்கச் சொன்னார். அந்தத் தட்டு அச்சானது ஜெர்மனியில். யார் பாட்டு என்று அங்கே இருப்பவனுக்குத் தெரிய வேண்டுமே! சில வருடங்களில் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்துவிட்டது. டம் டம்மில் அச்சான தட்டுகள்தான் பிறகு தமிழ் வீடுகளுக்கும் வந்தன. தட்டுக்கு மூலப்பொருள் அரக்கு. மரக்கிளையில் பூச்சி வைக்கிற பிசினில் பாட்டை ஒட்டி வைத்தார்கள்.

நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் கொள்ளும், அவ்வளவுதான். ராகத்தை ஒரு மணி நேரம் விரித்துக்கொண்டிருந்த வித்வான்கள் அதற்குள் சுருங்கினார்கள். 1931ல் தமிழில் பேசும்படம் வந்து, சினிமாப் பாட்டும் தட்டில் விற்கத் தொடங்கியபோது அதுவும் அதே அளவுக்கு வெட்டிக்கொண்டது. 1948ல் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. 1965ல் பாப் டிலன் ஆறு நிமிடத்துக்கு ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு வந்தபோது கம்பெனிக்காரர்களே கையைப் பிசைந்தார்கள். பாட்டு என்றால் இவ்வளவு நேரம்தான் என்று நம் காது பழகியதில் அரக்குத் தட்டின் அகலத்துக்கும் பங்கு இருக்கிறது. இதைப் பெரியவரிடம் சொல்ல நினைத்தேன். என் இந்தி அதற்குப் போதவில்லை.

இரண்டாம் நாள்: வாலாஜாபேட்டை

அத்தை வீடு. மாமா போய் ஒரு வருஷம் ஆகிறது. "இன்னாபா இப்டி இளைச்சிட்ட" என்றார் அத்தை. போன தடவையும் இதையேதான் சொன்னார். அப்போது நான் நாலு கிலோ கூடியிருந்தேன்.

தகரப் பெட்டியை இழுத்துப் போட்டார். மேலே ஆறு பிளேட்டுகள். இரண்டு விரிசல், ஒன்றில் எலி வேலை செய்திருக்கிறது. அரக்கையும் எலி விடாது போல. நல்ல நிலையில் இருந்த மூன்று, பழைய நாடக செட் ஒன்றில் மிஞ்சியவை. முப்பதுகளில் இப்படி மேடை நாடகங்களைத் துண்டு துண்டாக நறுக்கி நாலு தட்டு, அஞ்சு தட்டு என்று கட்டி விற்றிருக்கிறார்கள். ராஜா வந்து நிற்பார், விருத்தம் எடுப்பார், அழப்போகிற நேரத்தில் தட்டு தீர்ந்துவிடும். திருப்பிப் போட்டு, ஊசியை மாற்றி, கைப்பிடியைச் சுற்றி விட்ட பிறகுதான் ராஜா அழ முடியும்.

பிளேட்டுக்குக் கீழேதான் எனக்கு வேண்டியது இருந்தது. கேசட்டுகள். மாமா ராணிப்பேட்டையில் ஃபிட்டர். எண்பதுகளின் நடுவில், குவைத்திலிருந்து வந்த நண்பரிடம், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன் வாங்கினார். மற்றவர்கள் டூ இன் ஒன் வாங்கினால் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்து வருவார்கள். இளையராஜா காலம் அது, லிஸ்டில் பெரும்பாலும் அவர்தான். மாமாவோ பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கூத்து நடக்கிற ஊருக்குப் போய்விடுவார். 90 நிமிட கேசட் ஐந்து, பேட்டரி இரண்டு செட். நானும் ஒரு முறை அந்தச் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போயிருக்கிறேன். தூங்கிப்போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நீல பால்பாயிண்டில் "கர்ண மோட்சம் 1" முதல் "5" வரை. மாமா எழுத்து, ஒவ்வொன்றும் கட்டம் போட்ட மாதிரி. கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே யாரும் எதையும் பதிய முடியாது. மாமா ஐந்திலும் உடைத்திருக்கிறார். ஆனால் மூன்றைத் தவிர மற்ற நாலிலும் அந்த ஓட்டையின் மேல் செலோ டேப். "உன் மச்சான் வேலதான்" என்றார் அத்தை. மச்சானுக்கு அப்போது கல்லூரி வயசு. ரஹ்மான் வந்த புதுசு.

டூ இன் ஒன் ஓடவில்லை. உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டியிருந்தது. ஆற்காட்டில் டிவி ரிப்பேர் கடை ஒன்றில் பெல்ட் மாற்றினார்கள். கடைக்காரர் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொண்டே, இதைத் திறந்து பதினஞ்சு வருஷமாச்சு சார், கை தன்னால போவுது பாருங்க என்றார். காசு கொடுத்தபோது பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

ராத்திரி சாப்பாடு ஆனதும் முதலில் ஒன்றாம் நம்பரைப் போட்டேன். வரிசையாக சினிமாப் பாட்டு. ஒவ்வொரு பாட்டும் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மச்சான் பட்டனை அமுக்கக் கொஞ்சம் தாமதித்திருக்கிறான். அந்த மூன்று, நாலு விநாடிப் பொந்தில் பழைய பதிவு எட்டிப் பார்க்கிறது: சின்ன நாயனமான முகவீணை கீச்சென்று ஒரு இழுப்பு, சலங்கை, ஒரு தாளத் தட்டு. உடனே மறுபடி சினிமா. ஒரு பக்கம் முழுக்க இப்படியே. எனக்கு மச்சான் மேல் கோபம் வரவில்லை. பொந்துக்காகவே இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன்.

மூன்றாம் நம்பர் முழுசாக இருந்தது. கர்ணன் பதினேழாம் நாள் போருக்குப் புறப்படுகிறான், பொன்னுருவி மறிக்கிறாள். தேரோட்டி வளர்த்தவன் என்று வாழ்நாளெல்லாம் புருஷனை இளப்பமாகப் பார்த்தவள் அவள். அவன் பிறப்பு இன்னதென்று அப்போதுதான் அவளுக்குத் தெரியவருகிறது. ஆர்மோனியப் பெட்டி மேலே ஏற, பின்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கித் திருப்ப, நடுவே நாய், குழந்தை அழுகை, யாரோ "டீ, டீ" என்று போகிறான். பக்கத்திலேயே ஒரு இருமல்.

"மாமா" என்றேன்.

அத்தை தலையை ஆட்டினார். "அது என் தம்பி. உங்க மாமா கூத்துல இருமமாட்டாரு."

பொன்னுருவி உச்சத்துக்குப் போகிறாள், ஒரு வரியின் நடுவில், சொல்லின் நடுவில் என்றே சொல்லலாம், டக். நாற்பத்தைந்து நிமிடம் முடிந்தது.

"அந்த டக்குன்ற சத்தம் இருக்குதுல்ல," என்றார் அத்தை, "அதான் உங்க மாமா."

மூன்றாம் நாள்: கோட்டை, அப்புறம் செய்யாறு பஸ்

காலையில் வேலூருக்கு வந்து கோட்டை. எல்லாரும் எழுதியாயிற்று, 1806 சிப்பாய்க் கலகம் உட்பட. எனக்கு ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் தூண் தூணாகப் பாயும் யாளிகளைப் பார்த்தால் போதும். நீண்ட காலம் மூலவர் இல்லாமல் கிடந்த கோயில் இது. 1981ல்தான் லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதாவது, இந்தக் கோயிலில் சாமி திரும்ப வந்ததும் மாமா கையில் கேசட் வந்ததும் ஏறக்குறைய ஒரே காலம். இதில் ஒரு தத்துவமும் இல்லை, படியில் உட்கார்ந்து இளநீர் குடிக்கும்போது தோன்றியது.

மத்தியானம் ஆற்காடு வழியாகச் செய்யாறு பஸ். 1989ல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது செய்யாறு திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. 2019ல் வேலூரையும் மூன்றாக வெட்டினார்கள். கூத்துக்காரர்களிடம் கேட்டால் அவர்களுக்கு வேறு வரைபடம்: வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி. பெருங்கட்டூர்க்காரர்கள் ஒரு வழி, புரிசை ஊர்க்காரர்கள் இன்னொரு வழி. "தெருக்கூத்து" என்கிற பேரே இளக்காரம், "கட்டைக்கூத்து" என்று சொல் என்பவர்கள் உண்டு. தெருவில் ஆடுவதில் என்ன இளக்காரம் என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. மரக்கட்டையில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம் இவை கட்டுகிற வேஷம் என்பதால் கட்டை. நான் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிச் சொல்லி இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

புரிசைக்குச் சென்னையோடும் ஒரு உறவு உண்டு. எழுபதுகளில் நாடகாசிரியர் ந. முத்துசாமி அந்த ஊர்த் தம்பிரான்களின் கூத்தைப் பார்த்து ஆடிப்போனார். 1977ல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை அவர் தொடங்கியதற்குப் பின்னால் அந்த ராத்திரிகள் இருக்கின்றன. கண்ணப்ப தம்பிரான் பட்டறை நடிகர்களுக்குப் பாடம் எடுத்தார். நவீன நாடகம் என்று நகரத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, அடவு கற்றுக் கொடுக்க ஆள் செய்யாறு பக்கத்திலிருந்து பஸ் ஏறிப் போக வேண்டியிருந்தது.

நான் போன ஊர் சின்னது. பேர் வேண்டாம். திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா, பத்து நாளாகப் பாரதம் ஓடுகிறது. பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. இன்றைக்குக் கர்ண மோட்சம்.

பத்து மணி தாண்டிக் களரி கட்டினார்கள். மத்தளம், தாளம், பெட்டி. முகவீணைக்கு எழுபது வயசுக்காரர் ஒருவர். அவருக்குப் பின் ஊத ஆளில்லை என்றார்கள். ஆர்மோனியப் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாரிசில் பிறந்து, கல்கத்தாவில் கையால் துருத்தி அமுக்குகிற மாதிரி குட்டியாகி, நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராக வந்த சாமான் அது. இந்த மண்ணின் சுருதிக்கு ஒத்துவராது என்று 1940ல் ஆல் இந்தியா ரேடியோ அதைத் தடை செய்தது. 1971 வரை தடை நீடித்தது. முப்பது வருஷம் வானொலி நிலையத்துக்குள் நுழைய முடியாத பெட்டி, இங்கே பெஞ்சின் நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

திரை வந்தது. இரண்டு பேர் ஒரு பழைய வேட்டியைப் பிடித்துக்கொள்ள, மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் காலும் மட்டும் தெரிகின்றன. கர்ணன் உள்ளேயிருந்தே தன்னைப் பற்றிப் பாடுகிறான். திரை நடுங்குகிறது. ஒரு கை திரையின் விளிம்பைப் பிடிக்கிறது, கையில் சாயம் வேர்வையில் கரைந்து மணிக்கட்டில் கோடு கோடாக இறங்குகிறது. அப்புறம் சட்டென்று திரை விலக, கிறிக்கி போட்டுச் சுழல ஆரம்பித்தான் பாருங்கள், பாவாடை குடையாக விரிந்து, புழுதி எழும்பி, முன்வரிசைக் குழந்தைகள் மொத்தமும் பின்னால் சாய்ந்தது.

கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கர்ணனிடம் செல்போன் நம்பர் கேட்டான். துரியோதனனின் வாட்ஸ்ஆப் குரூப்பை விட்டு ஏன் விலகவில்லை என்று விசாரித்தான். அவன் ஆட எழுந்தபோது பெட்டிக்காரர் எடுத்து விட்ட மெட்டு, சத்தியமாக, மச்சான் ஒன்றாம் நம்பர் கேசட்டில் பதிந்திருந்த அதே சினிமா மெட்டு. மாமாவின் கூத்து மேல் மச்சான் சினிமாவைப் பதிந்தான். இங்கே சினிமா மேல் கூத்தைப் பதிந்துகொண்டிருக்கிறார்கள். சினிமா வந்து கூத்து செத்தது என்று நானே ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து எழுதியது.

நான் செல்போனை ரெக்கார்டிங்கில் போட்டு மடியில் வைத்திருந்தேன். மூன்றாம் நம்பர் கேசட் எங்கே அறுந்ததோ அதற்கு மேல் என்ன என்று கேட்காமல் போவதில்லை என்று முடிவு.

நான்காம் நாள்: அதே ஊர், திண்ணை

தூங்கிவிட்டேன்.

மூன்று மணி வாக்கில் பொன்னுருவி திரைக்கு வந்தது தெரியும். முதல் விருத்தம் தெரியும். அப்புறம் கண்ணைத் திறந்தால் கர்ணன் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்து நிற்கிறான், கிழக்கே வெளுத்திருக்கிறது. பக்கத்தில் கோணிப்பையில் உட்கார்ந்திருந்த ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அவ வந்து அய்துட்டுப் பூட்டா கண்ணு. நீ நல்லா தூங்கினிருந்த, எழுப்ல" என்றார்.

இன்று முழுக்கத் திண்ணையில். 1963ல் நியூயார்க்கில் இசையமைப்பாளர் ஜான் கேஜ் ஒரு கச்சேரி ஏற்பாடு செய்தார். எரிக் சாத்தி என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய ஒரு பக்கப் பியானோ இசையை 840 தடவை திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டும். ஆள் மாற்றி ஆள் வாசித்து 18 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. டிக்கெட் ஐந்து டாலர். அதில் ஒவ்வொரு இருபது நிமிடம் உட்கார்ந்து கேட்டதற்கும் ஐந்து சென்ட் திருப்பிக் கொடுத்தார்கள். அதைப் படித்தபோது எவ்வளவு புதுசாக இருந்தது எனக்கு! நேற்று ராத்திரி இங்கே டிக்கெட்டே இல்லை. பணமும் எதிர்த்திசையில் போயிற்று: கர்ணன் உருகிப் பாடும்போதே மைக்கில் "மேலத்தெரு இன்னார் அவர்கள் அன்பளிப்பு ரூபாய் நூறு" என்று அறிவிப்பு. பாட்டு நிற்கும், கும்பிடு போடுவார்கள், விட்ட எழுத்திலிருந்து பாட்டு தொடரும். நகரத்து ரசிகனுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கும் முதல் பத்து தடவை எரிச்சல்தான்.

எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். மூன்று நிமிடத் தட்டில் அடைத்தால் 160 பக்கம், 80 பிளேட்டு, 160 ஊசி. மாமா ஐந்து கேசட்டில் 450 நிமிடம் பிடித்திருக்கிறார், பாக்கி அரை மணி நேரம் காற்றோடு. கூத்தின் நீளம் அந்தக் கலைக்கு ஒரு குறையில்லை, அதுவே அதன் மூச்சு என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் தூங்கலாம், எழுந்து டீ குடிக்கலாம், பக்கத்து ஆயாவிடம் கதை கேட்டுக்கொள்ளலாம். தூங்கினவனுக்கும் அதில் இடம் இருக்கிறது.

மைக் விஷயத்தில் மட்டும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. ஆடுகளமான களரியின் நடுவில் கயிற்றில் ஒரு மைக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். வட்டமாகச் சுற்றி வந்த கூத்தர்கள் பாட்டு வரும்போதெல்லாம் அதன் அடியில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். அரை ஏக்கர் களரி ஒரு குடையளவுக்குச் சுருங்கிவிட்டது. கூத்துக் குழுவை நடத்தும் ஜமா வாத்தியாரிடம் கேட்டேன். "மைக் இல்லாம எங்கப்பா ரெண்டு ஊருக்குக் கேக்கற மாதிரி பாடினாரு. நாப்பத்தஞ்சு வயசுல தொண்ட பூட்ச்சி" என்றார். மேற்கொண்டு நான் பேசவில்லை.

ராத்திரி பதினெட்டாம் போர். இன்றைக்கு முழித்திருந்தேன். கொசுவும் உதவியது.

ஐந்தாம் நாள்: படுகளம், மறுபடி வாலாஜா

கோயில் திடலில் துரியோதனன் மல்லாக்கப் படுத்திருக்கிறான். மண்ணால் ஆன உடம்பு. நான் காலால் அளந்ததில் தலையிலிருந்து கால்வரை முப்பத்தெட்டு அடி. மீசைக்குக் கரி, கண்ணுக்குச் சுண்ணாம்பு, மார்பில் மஞ்சளும் காவியும். குயவர் வீட்டுப் பையன்கள் மூன்று நாளாகச் செய்தார்களாம். காதுக் குண்டலத்தில் ஒரு பூ வேலை, கட்டை விரல் நகத்தால் கீறியது. யாரும் கிட்டப் போய்ப் பார்க்கப் போவதில்லை, இருந்தும் அவ்வளவு பொறுமை.

எட்டு மணிக்கு பீமன் வேஷக்காரர் துரியோதனன் வேஷக்காரரைத் துரத்திக்கொண்டு அந்த உடம்பின் மேலேயே ஏறி ஓடினார். கதாயுதம் தொடையில் இறங்கியது. உள்ளே புதைத்திருந்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. திரௌபதி கூந்தல் முடிந்தாள். அடுத்த நிமிடம் சனம் பாய்ந்தது. மூன்று நாள் வேலை, பத்து நிமிடத்தில் வெறும் குழி. 1960ல் சிற்பி ழான் டாங்கிலி நியூயார்க் மியூசியத் தோட்டத்தில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் யந்திரம் ஒன்றை ஓடவிட்டதும், பார்த்தவர்கள் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனதும் கலை வரலாற்றில் ஒரு பெரிய நாள். இங்கே பொறுக்குகிறவர்களுக்கு அதைவிட உருப்படியான காரணம் இருக்கிறது. இந்த மண்ணை நெல் குதிரில் போட்டால் விளைச்சல் குறையாதாம். நானும் தொடைப்பக்கம் ஒரு பிடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். சிவப்பு இன்னும் காயவில்லை.

தீமிதிக்கு நிற்காமல் கிளம்பினேன். மத்தியானம் அத்தை வீடு. மண்ணை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, அரிசி டிரம்மில் போட்டு மூடினார். குதிர் போய் டிரம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

செல்போனில் பதிந்ததைப் போட்டுக் காட்டினேன். பொன்னுருவி வருகிற இடத்தைத் தேடிப் பிடித்து, கேசட் அறுந்த வரி வந்ததும் ஒலியைக் கூட்டினேன். இந்தத் தடவை டக் இல்லை. வரி முடிந்தது, பின்பாட்டு அதை வாங்கியது, அவள் அடுத்ததற்குப் போனாள். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டார். இரண்டு நிமிடம் இருக்கும். முகம் மாறியது, போனைக் காதோடு வைத்துக்கொண்டார்.

"இன்னாடா இது," என்றார், "அவ அய்துனு கீறா, நடுவுல எவனோ கொறட்டை உட்றான்?"